மூட்டையின் இடது கன்னம்

லிஃப்ட் கம்பெனியில் அவனுடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவன் காதுக்காரன். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு, கண்ணை மூடித் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "மேல கப்பியில இடது பக்க பேரிங் காஞ்சு போச்சு" என்று சொல்லிவிடுவான். ஏறிப்போய்ப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும். இதில் மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. பதினேழு வருடம் அதே சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருடைய காதும் அப்படித்தான் ஆகும். இருந்தாலும் மற்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்போது அவன் அதை மறுத்துச் சொன்னதில்லை. புகழ்ச்சி யாருக்குத்தான் கசக்கும்?

அவன் தனிக்கட்டை. குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையை ஒட்டிய ஒன்றரை அறை வீட்டில். அந்த இரைச்சலுக்குப் பயந்து வேறு ஒருவரும் அங்கே குடிவரத் துணியவில்லை. அவனுக்கோ அதுதான் தாலாட்டு. சுவருக்கு அந்தப்பக்கம் மோட்டார் முனகும், பிரேக் விடுபட்டு ஒரு சின்னப் பெருமூச்சு வரும், இரும்பு வடம் நகரும். யாரோ வீடு திரும்புகிறார்கள், யாரோ எங்கோ கிளம்புகிறார்கள். முகம் தெரியாத அத்தனை பேரின் போக்குவரத்தும் அவன் தலையணைக்குள் வந்துவிட்டுப் போகும்.

அலுவலகங்கள் திறப்பதற்கு முன்பே பராமரிப்பு வேலையை முடித்தாக வேண்டும் என்பதால், விடிகாலையிலேயே கிளம்பி மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் வீடு வந்துவிடுவான். ஐந்து மணிக்கு சோபாவில் சாய்ந்தால், ஏழு ஏழரை வரை ஒரு மாதிரி கிடப்பான். தூக்கம் என்றும் சொல்ல முடியாது, விழிப்பு என்றும் சொல்ல முடியாது. ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, மெல்ல வடியும். எந்தச் சத்தம் வெளியே, எந்தச் சத்தம் கனவில் என்று பிரிக்கத் தோன்றாது. நாளில் அவனுக்கு ரொம்பப் பிடித்த நேரம் அதுதான்.

அந்த நேரத்துக்குள்தான் மூட்டை வந்து சேர்ந்தது.

மூட்டை என்பது அக்கா மகளின் ஹாம்ஸ்டர், எலி இனத்தில் ஒரு வளர்ப்புப் பிராணி. தேன் நிற முதுகு, வெள்ளை வயிறு, உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. கிடைத்ததையெல்லாம் இரண்டு கன்னங்களிலும் அடைத்துக்கொண்டு போய் மூலையில் பதுக்கி வைப்பதால் அந்தப் பெயர். அக்கா அதை மூட்டைப்பூச்சி என்பாள். எலி என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் மகளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்குப் பத்து வயது. யாரைப் பார்த்தாலும் வேலை ஏவுவாள் என்பதால் மாமன் அவளுக்கு வைத்த பெயர் மேனேஜர்.

மேனேஜரின் அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார். அவர் கிளம்பிப் பதினொரு மாதம் ஆகியிருந்தபோது, அவருடைய கப்பல் தூரத்துத் துறைமுகம் ஒன்றில் பன்னிரண்டு நாள் நிற்கப்போகிறது என்று தகவல் வந்தது. அம்மாவும் மகளும் கிளம்பியாக வேண்டும். மூட்டையை யாரிடம் விடுவது? மாமனிடம் விடலாம் என்று அக்கா சொன்னதற்கு, மகள் ஒரு வாரம் பதிலே சொல்லவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இதேபோல ஒரு பயணத்தின்போது அவள் இரண்டு தங்கமீன்களை அவனிடம் விட்டுப் போனாள். பாவம், பசிக்குமே என்று வேளாவேளைக்கு அள்ளிப் போட்டான். நான்காம் நாள் இரண்டும் மிதந்தன. மனுஷன் பதறிப்போய்க் கடை கடையாக ஏறி இறங்கி, அதே அளவில், அதே நிறத்தில் இரண்டு வாங்கி விட்டான். குழந்தை திரும்பி வந்து, தொட்டியை இரண்டு நிமிடம் பார்த்தாள். "இது அது இல்ல" என்றாள். அவன், "அதேதான்டா கண்ணு, சத்தியமா" என்றான். ஒரு மாதம் அவள் அவனோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய நாளில் முதலில் சொன்னது: "மீன் செத்ததுக்கு எனக்கு கோவம் இல்ல மாமா. நீ சத்தியம் பண்ணினே பாரு, அதான்."

அந்த வார்த்தை அவன் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அவனுக்கென்று உலகத்தில் இருப்பது இந்த ஒரு மருமகள். அவள் தன்னை மறுபடி நம்ப வேண்டும் என்பதைத் தவிர இந்தப் பன்னிரண்டு நாளில் அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வேறு வழியில்லாமல் சம்மதித்து, கூண்டை அவன் வீட்டு மேசைமேல் வைத்துவிட்டு மேனேஜர் உத்தரவுகளை அடுக்கினாள்.

"தெனமும் சாயங்காலம் ரெண்டு ஸ்பூன் தீனி. தண்ணி பாட்டில் மாத்தணும். பகல்ல அது தூங்கும், எழுப்பக் கூடாது. கதவை வேகமா சாத்தக் கூடாது. சத்தமா தும்மக் கூடாது."

"மூச்சு விடலாமா மேனேஜரம்மா?"

"மெதுவா விடு."

அக்கா வாசலில் நின்று, "டேய், இந்த மூட்டைப்பூச்சிக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இவ என்னையும் சேத்து உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாத்துக்கோ" என்றாள்.

முதல் இரண்டு அந்தியும் மூட்டை சக்கரத்தில் ஓடியது. ஆறரை மணிக்குக் காகிதத் துணுக்குக் குவியலிலிருந்து மூக்கு எட்டிப் பார்க்கும். பிறகு மீசை. பிறகு முழு உடம்பும் வந்து, கூண்டோரத்தில் நிற்கும் சக்கரத்தில் ஏறி ஓடத் தொடங்கும். எங்கே போகிறது, யாருக்குத் தெரியும்? அவ்வளவு அவசரம். சோபாவில் கிடந்த காதுக்காரனின் அரைத்தூக்கத்துக்குள் அந்த ஓட்டமும் வந்தது. ஆனால் அதோடு ஒரு கீச்சொலியும் வந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு கீச்சு. காய்ந்த அச்சு. மற்றவர்களுக்கு அது ஒரு பொம்மைச் சக்கரத்தின் சத்தம், அவ்வளவுதான். அவனுக்கோ பல் கூசியது. காய்ந்துபோன அச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருப்பது, அழுகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரி.

மூன்றாம் நாள் சக்கரத்தைக் கழற்றினான். அச்சைத் துடைத்து, நக்கினாலும் கெடுதல் இல்லாத சமையல் எண்ணெயில் ஒரு சொட்டைத் தீக்குச்சி நுனியால் வைத்து, மறுபடி பூட்டிச் சுண்டிவிட்டான். சக்கரம் சத்தமே இல்லாமல் நெடுநேரம் சுற்றி நின்றது. கையோடு கூண்டையும் சுத்தம் செய்தான். அந்தக் காகிதத் துணுக்குப் படுக்கை அவனுக்கு ஏழைப் படுக்கையாகப் பட்டது. கம்பெனியில் கிரீஸ் துடைப்பதற்குத் தருகிற நூல் கழிவு ஒரு புதுப் பொட்டலம் அவனிடம் இருந்தது. வேலை செய்கிறவர்கள் அதை வேஸ்ட் என்பார்கள். பேர்தான் வேஸ்ட், தொட்டால் பட்டுப்போல இருக்கும். வெள்ளையும் நீலமுமாகக் கை நிறைய எடுத்து உள்ளே மெத்தையாக விரித்தான். மூட்டை மோந்து பார்த்துவிட்டு உள்ளே புகுந்துகொண்டது. மாமன் வீட்டு உபசாரம் எப்படி என்று மேனேஜரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வந்த அந்திகள் அவ்வளவு இதமாக இருந்தன. மோட்டார் முனகல், பிரேக்கின் பெருமூச்சு, அதற்குள் எங்கேயோ ஒரு சின்ன உயிர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பே அவனைத் தாலாட்டியது. கண்ணைத் திறக்காமலேயே சிரிப்பான். நான் எண்ணெய் போட்ட சக்கரம் எப்படி ஓடுகிறது பார், ஒரு முணுமுணுப்பு உண்டா?

ஏழரைக்கு எழுந்து தீனி வைப்பான். மூட்டை வெளியே வந்து, தீனியைக் கன்னத்தில் அடைத்துக்கொண்டு உள்ளே போகும். காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். ஐந்தாம் நாள் அதன் இடது கன்னம் புடைத்து அழகாக இருந்தது. படம் எடுத்து அக்காவின் போனுக்கு அனுப்பினான். மேனேஜரிடமிருந்து பதில் வந்தது: "ஏன் மாமா ஒரு பக்கம் மட்டும்?" அவன், "மறுபக்கம் ராத்திரிக்கு. எங்க வீட்டு சாப்பாடு அப்படி" என்று எழுதினான். அதற்கு அவள் பதில் போடவில்லை. துறைமுகத்தில் அப்பாவோடு இருக்கிறவள், அவளுக்கு ஆயிரம் வேடிக்கை இருக்கும் என்று விட்டுவிட்டான்.

எட்டாம் நாள் அந்தியில் ஒரு கனவு வந்தது.

அவன் ஒரு லிஃப்டுக்குள் நின்றிருந்தான். சுவர்கள் இல்லாத லிஃப்ட், தரை மட்டும்தான். சுற்றிலும் இளமஞ்சள் வெளிச்சம். ஏறிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்ல முடியாது, கனவில் அப்படித்தான். மாடிகளுக்கு எண் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் அக்கா வீட்டுக் கூடம் இருந்தது, ஒவ்வொரு கூடத்திலும் யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல நாற்காலி லேசாகத் தள்ளியிருந்தது. ரொம்ப சுகமாக இருந்தது. ஒரு சத்தம் இல்லை. அவன் எதிர் எடைக்காகக் காத்திருந்தான். எந்த லிஃப்டிலும் அது உண்டு. பெட்டி மேலே போனால் அதற்கு ஈடான இரும்புப் பாளங்கள் கீழே வரும், பாதி வழியில் இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் கடந்து போகும். அந்த நொடியில் முகத்தில் ஒரு மெல்லிய காற்று படும். கனவில் அந்தக் காற்று வரவில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று நின்றான். வரவில்லை. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. எதுவும் கடந்து போகவில்லை என்றால், நாம் நகரவே இல்லை.

விழித்துக்கொண்டான். ஜன்னலில் கடைசி வெளிச்சம். சுவருக்கு அந்தப்பக்கம் மோட்டார்கூட ஓய்ந்திருந்தது. கூண்டுப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஐந்து நாளாக அவனுக்குச் சுகமாக இருந்த அதே அமைதிதான். ஆனால் இப்போது தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டான். நன்றாக ஓடுகிற இயந்திரமும் சத்தம் போடாது, நின்றுபோன இயந்திரமும் சத்தம் போடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் அவனே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. காதுக்காரனாம் காதுக்காரன்!

எழுந்து போய்ப் பார்த்தான். மூட்டை நூல் மெத்தைக்குள் இருந்தது. தூங்குகிறதா, சோர்ந்திருக்கிறதா, சொல்லத் தெரியவில்லை. தீனியைக் கண்டதும் வந்தது, மெதுவாகத்தான் வந்தது. ஒருவேளை நாம் தூங்கிய பிறகு ஓடுகிறதோ? சந்தேகம் வந்தால் அவன் தொழிலில் ஒரு வழி உண்டு. கப்பியில் வடம் வழுக்குகிறதா என்று பார்க்க, வடத்துக்கும் கப்பிக்கும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிடுவார்கள். பிறகு வந்து பார்த்தால் கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரியும். அதே மாதிரி சக்கரத்தின் விளிம்புக்கும் அதைத் தாங்கும் கம்பிக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிட்டுப் படுத்தான்.

விடிகாலையில் எழுந்து, பல்கூடத் துலக்காமல் போய்ப் பார்த்தான். கோடு இழுத்தது இழுத்தபடி, ஒரு மயிரிழைகூட விலகாமல் நின்றது.

கையில் கையுறை மாட்டிக்கொண்டு நூல் மெத்தையை விலக்கினான். மூலையில் தீனி குவிந்து கிடந்தது. ஐந்து நாள் தீனி, ஒரு விதைகூட உடைபடாமல். கிண்ணம் காலியானதைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தானே, அத்தனையும் அங்கே இருந்தது. மூட்டை பகலில் தூங்குகிறபோது சுருண்டு உருண்டையாகிவிடும். இப்போது அப்படி இல்லை. முதுகைக் கூனிக்கொண்டு, நான்கு காலிலும் நின்றபடியே கண்ணைப் பாதி மூடியிருந்தது. முடி படியாமல் குத்திட்டு நின்றது. தாடைக்குக் கீழே ஈரம். இடது கன்னம் மட்டும் புடைத்திருந்தது, அது படத்தில் இருந்த அதே புடைப்பு. கன்னத்தில் அடைத்ததைக் கொட்டிவிட்டு வருவதுதானே இதன் வழக்கம்? நான்கு நாளாக ஒரு கன்னம் வடியாமலே இருக்குமா? தண்ணீர் பாட்டிலை அவன் தினமும் மாற்றத்தான் செய்தான். பழைய பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு குறைந்திருந்தது என்று ஒரு நாளாவது பார்த்தானா?

ஒவ்வொன்றும் கண்ணெதிரே இருந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவன் ஒரு நல்ல அர்த்தம் கண்டுபிடித்து வைத்திருந்தான். அவனுக்கு அவன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டு லீவு சொன்னான். ஏழு வருடத்தில் முதல் லீவு. "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று அவர் கேட்டார். "மூட்டைக்கு" என்றான்.

விலங்கு மருத்துவமனை ஒன்பது மணிக்குத் திறந்தது. கூண்டைப் போர்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெரிய நாய் ஒன்று தன் எஜமானியின் செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. மருந்து வாடையும் மீன் தொட்டியின் குமிழிச் சத்தமுமாக அந்த அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருந்தது. எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு மூட்டையைக் கையில் எடுத்தாள்.

"எப்பலேர்ந்து ஓடல?"

"தெரியலம்மா."

"சக்கரம் இருக்கில்ல? வீட்ல சத்தம் கேக்குமே."

"கேக்கும். நான் எண்ணெய் போட்டுட்டேன்."

அவள் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

லேசான மயக்கம் கொடுத்து, மெல்லிய இடுக்கியை மூட்டையின் கன்னத்துக்குள் விட்டாள். முதலில் அழுகிய விதை ஒன்று வந்தது. பிறகு ஒரு நூல் நுனி. இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். இன்னும் வந்தது. வெள்ளை நூல், அதோடு பின்னிக்கொண்டு நீல நூல், ஈரமாக, நாற்றத்தோடு, வந்துகொண்டே இருந்தது. அந்த நீலத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். பதினேழு வருடமாகத் தினமும் அதில்தான் கை துடைக்கிறான்.

"மெத்தைக்கு என்ன போட்டீங்க?"

"வேஸ்ட்டு... நூல். மெத்துனு இருக்கட்டுமேன்னு."

"இதுங்க அதையும் கன்னத்துல அடைச்சுக்கும். விதையில, பல்லுல சுத்திக்கிச்சுன்னா துப்ப முடியாது. உள்ள புண்ணாயிடுச்சு. வலியில மெல்ல முடியல. பசி இருக்கு, எடுத்துட்டுப் போகுது, திங்க முடியல. அதான் நடந்திருக்கு." அவள் கன்னத்தைக் கழுவிவிட்டாள். "மூணு நாள் தாண்டணும். மருந்து, அப்புறம் கூழ் மாதிரி கரைச்ச தீனி. சிரிஞ்சுல, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை. சொட்டு சொட்டா. பண்ணுவீங்களா?"

"தலைகீழா நின்னாவது பண்றேன்."

"நேரா நின்னே பண்ணுங்க. போதும்."

வெளியே வந்தால் பக்கத்திலேயே வளர்ப்புப் பிராணிகள் கடை. அதன் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு ஹாம்ஸ்டர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. தேன் நிற முதுகு, வெள்ளை வயிறு. அவன் கால் தானாக நின்றது. கடைக்காரர் போர்வை இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "அச்சு அசல் இதே மாதிரி இருக்கு சார். வளத்தவங்களுக்கே வித்தியாசம் தெரியாது" என்றார். கெட்ட மனுஷன் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். காதுக்காரன் அந்தத் தூங்கும் குவியலைப் பார்த்தபடி நின்றான். எவ்வளவு சுலபம்! இன்றைக்கு வாங்கி வைத்துவிடலாம். இது பிழைத்தால் சரி, பிழைக்காவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் அப்படியே நின்றிருப்பான். பிறகு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தான். பயந்துதான் நடந்தான். திரும்பிப் பார்த்தால் வாங்கிவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து, மேனேஜரிடம் கொடுக்கச் சொன்னான்.

"கண்ணு, மூட்டைக்கு உடம்பு சரியில்ல. என்னாலதான்."

அவன் எண்ணெயிலிருந்து ஆரம்பித்தான்.

"எண்ணெய் போட்டியா?" என்று குறுக்கிட்டாள். "கப்பலுக்குப் போறதுக்கு முந்தி அப்பாவே போடறேன்னாரு. நான்தான் வேணாம்னேன். அது கத்தினாதான் எனக்குத் தெரியும் மாமா. நான் தூங்கிட்டிருக்கும்போதுகூட."

ஒரு பத்து வயதுக் குழந்தை கீச்சொலியை வேண்டுமென்றே வைத்திருந்திருக்கிறாள், இவன் போய் அதைத் துடைத்து எடுத்திருக்கிறான். நூலைச் சொன்னான், கன்னத்தைச் சொன்னான், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னான். "இளைச்சுப் போச்சு. மொகமே மாறிப்போச்சு. ஆனா உசிரோட இருக்கு. நான் பாத்துக்கறேன்" என்றான். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தான். அவள் கடைசியில், "சரி மாமா. வந்து பாக்கறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அந்தச் 'சரி'யில் சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. அது அவனைப் போட்டு வாட்டியது.

அடுத்த மூன்று நாளும் ஒரே நீண்ட அந்தியாக ஓடின. திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டு, மூட்டையை ஒரு கைக்குட்டையில் பொதிந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சிரிஞ்சை அதன் உதட்டோரத்தில் தொட்டுக் காத்திருப்பான். ஒரு சொட்டு. நாக்கு வரும், அல்லது வராது. இன்னொரு சொட்டு. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, உட்கார்ந்த இடத்திலேயே கண்ணசந்து, மறுபடி விழித்து. கனவும் இப்போது சின்னதாகிவிட்டது. அவன் பெரிய கையாக மட்டும் இருந்தான், அதற்குள் ஒரு கடுகு அளவு சூடு துடித்துக்கொண்டிருந்தது. விழித்தாலும் அதேதான் இருந்தது. அந்த நெஞ்சு அடிக்கிற வேகத்தை எண்ண முடியாது, மோட்டார் அதிர்வதுபோலத் தொடர்ச்சியாக இருக்கும். இத்தனை வருடம் எத்தனையோ டன் இரும்பை நம்பி அதன்கீழே நின்றவனுக்கு, ஒரு கைப்பிடி உயிரைத் தாங்கிக்கொண்டிருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் கன்னம் வடிந்தது. மூன்றாம் நாள் காலையில், சிரிஞ்சைக் கண்டதும் மூட்டை முன்காலைத் தூக்கி அதைப் பிடித்துக்கொண்டது. அவன் தன்னந்தனியாக அந்த அறையில், "அடி சக்கைன்னானாம்!" என்று கத்திவிட்டு, சத்தம் போட்டுவிட்டோமே என்று தானே வாயைப் பொத்திக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் அவர்கள் ஸ்டேஷனிலிருந்து நேராக அங்கேயே வந்தார்கள். அக்கா பெட்டிகளோடு வாசலிலேயே உட்கார்ந்து, "தண்ணி குடுடா" என்றாள். மேனேஜர் அவனைப் பார்க்கவில்லை. வெயிலில் கறுத்து, கொஞ்சம் உயரமாகிக்கூட இருந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கூண்டருகே போனாள். மெலிந்து, முதுகெலும்பு தெரிய, ஒரு பக்கம் முடி உதிர்ந்து உட்கார்ந்திருந்த மூட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, முன்பின் தெரியாத ஒன்றைப் பார்க்கிற பார்வை. பிறகு அதை எடுத்து, உள்ளங்கையில் மல்லாத்தி, வலது பின்னங்காலை ஒரு விரலால் மெல்ல விரித்தாள்.

"என்ன கண்ணு பாக்குற?"

"கடைசி விரல்ல நகம் இருக்காது. பொறந்ததுலேர்ந்தே."

அவனும் குனிந்து பார்த்தான். அரிசி முனை அளவு விரல்கள் ஐந்து. கடைசி விரல் மொட்டையாக இருந்தது. மூன்று நாள் உள்ளங்கையில் வைத்திருந்தும் அவன் கண்ணில் அது படவில்லை.

"எனக்கு நீ சொல்லவே இல்லியே?"

"சொல்லக் கூடாதுன்னுதான். உன்கிட்ட விடறதுக்கு முந்தின நாள் பாத்து வச்சுக்கிட்டேன்."

அக்கா, "ஏய்!" என்று அதட்டினாள். அவன் கையமர்த்தினான். வலித்தது. நன்றாகவே வலித்தது. ஆனால் அவள்மேல் கோபப்பட ஒரு இடமும் கிடைக்கவில்லை.

அவள் இன்னும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது மூட்டைதான்" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"மூட்டைதான்டா."

"நீ போன் பண்ணினப்போ... அது செத்துப்போச்சுன்னு நெனச்சேன் மாமா. வேற ஒண்ணு வாங்கிட்டே, அது வேற மாதிரி இருக்கும்னுதான் இளைச்சுப் போச்சு, மொகம் மாறிப்போச்சுன்னு சொல்றியோன்னு நெனச்சேன். அம்மாகிட்டகூட சொல்லல. அப்பாகிட்டயும் சொல்லல. கப்பல் பாக்கப் போனப்போ ஒரு எடத்துல தனியா நின்னு அழுது முடிச்சுட்டேன்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தச் 'சரி' எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியது. பதினொரு மாதம் கழித்து அப்பாவைப் பார்க்கப்போன இடத்தில், அந்தக் கொஞ்ச நாளுக்குள்ளே, சாகாத ஒன்றுக்காகக் குழந்தை தனியாகத் துக்கப்பட்டிருக்கிறாள். அவன் உண்மையைத்தான் சொன்னான், முழுசாகச் சொன்னான். ஆனால் அவன் உண்மை சொன்னால் அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லாமல் பண்ணிவைத்திருந்தான்.

"அப்போ நெஜமாவே உடம்பு சரியில்லாமதான் இருந்துச்சா?" என்று கேட்டாள். "நூல் எடுத்தாங்களா? ரொம்ப வலிச்சிருக்குமா?"

"வலிச்சிருக்கும்" என்றான். "ரொம்ப."

அதற்கு அப்புறம்தான் அவள் அழுதாள். மூட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே, வாய்விட்டு அழுதாள். அழுதபடியே வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் அவளைத் தேற்றவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டான். தண்ணீர் கேட்ட அக்காவுக்கு அன்றைக்கு வெகுநேரம் வரை தண்ணீர் கிடைக்கவில்லை.